கௌதாரியின் கோப்புறை

அக்காவின் குரல் இருக்கவேண்டிய கோப்புறை காலியாக இருப்பதை நான் பார்த்தபோது மணி பத்து ஐம்பது.

அக்கா மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துவைத்த காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தொண்டையில் வளர்ந்திருந்ததை எடுத்தபோது குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால், அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை ஒரு கருவிக்குள் ஏற்றினால், அவள் தட்டச்சு செய்வதை அது அவள் குரலிலேயே பேசும். இன்று மூன்று மணிக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. அத்தான் காலையிலேயே சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்துவிட்டார்.

அந்தப் பதிவுகள் போய்ச்சேர்ந்த கோப்புச் சேவையகத்தின் நிரலை எழுதியது நான்தான். மருத்துவமனை எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர். இதைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. "கவலைப்படாதே, உன் குரல் என் வீட்டுலதான் இருக்கப்போகுது" என்று அக்காவிடமே சொல்லியிருந்தேன்.

அந்தச் சேவையகம் செய்யும் வேலை எளிது. யாராவது வலைவழியே வந்து "இந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். அது பட்டியல் கொடுக்கும். கேள்வியும் பதிலும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்துமுறையில் போகும், வரும். ஒவ்வொரு விஷயத்தையும் கோண அடைப்புக்குள் ஒரு பெயர் சொல்லித் திறக்கவேண்டும். முடித்ததும் அதே பெயரைச் சொல்லி மூடவேண்டும். அந்தப் பெயர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று முதலிலேயே அறிவித்துவிடவும் வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் என் நிரல் நானூறு என்ற எண்ணைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். நானூறு என்றால் 'நீ சொல்வது புரியவில்லை, போய் ஒழுங்காக எழுதிக்கொண்டு வா' என்று அர்த்தம். மற்றவர்கள் எழுதும் சேவையகங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். என்னுடையது கொடுக்காது. அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயரே நானூறுதான்.

மூன்று மணிக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் காலையில் மடிக்கணினியைத் திறந்தேன். மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைக் கோப்புகளில் எழுதமாட்டார்கள். ஆளுக்கொரு பறவைப் பெயர். மைனா, காடை, மரங்கொத்தி என்று நாற்பது பறவைகள். அக்காவுக்கு விழுந்தது கௌதாரி. அன்றைக்கு அவளுக்குக் குரல் இருந்தது. "நாற்பது பறவையில ஒரு மயில் கிடைக்கலையா எனக்கு?" என்று வரவேற்பறையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

கௌதாரி என்ற கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பதில், அழகாகத் திறந்து அழகாக மூடிய எக்ஸ்எம்எல்லில்: காலி. நிமிர்ந்தால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து, 'என்ன?' என்று எழுதிக் காட்டினாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ் வேலை."

அவள் நம்பவில்லை. என் முகத்தில் பொய் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். ஒற்றைக் காலுறையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அத்தான் பின்னாலேயே வந்தார். கதவை ஒருக்களித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"மறுபடி பதிவு பண்ணவும் முடியாதே."

"முடியாது அத்தான்."

"அவகிட்ட சொல்லாதே. கேட்டாளா?"

"கேட்டா. ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டேன்."

"அதையே சொல்லு."

பதிவுக்காரரைக் கூப்பிட்டேன். அக்காவை ஒரு வாரம் சலிக்காமல் பேசவைத்துப் பதிவு செய்தவர். தண்ணீர் குடிங்க, அவசரமில்லை, இன்னொரு தடவை சொல்லலாமா என்று பொறுமையாகக் கேட்டவர். அவர்மேல்தான் பாய்ந்தேன்.

"ஆயிரத்து அறுநூறும் ஏத்திட்டேன் மேடம். ஏறிடுச்சுன்னு பதில் வந்ததுக்கு அப்புறம்தான் என் கம்ப்யூட்டர்ல அழிச்சேன். அழிக்கணும்னு ரூல் இருக்கே."

"எந்தக் கோப்புறையில ஏத்துனீங்க?"

"கௌதாரி."

"எழுத்து எழுத்தா சொல்லுங்க."

"கௌ. தா. ரி."

"ஔகாரம்தானே? பிழை ஒண்ணும் விடலையே?"

"மேடம், நான் பத்து வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. எனக்கு அப்போது அவர் வருத்தத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அவர் எங்கோ தப்பாக அடித்திருக்கிறார், பதிவுகள் வேறு பெயரில் எங்கோ கிடக்கின்றன, தேடினால் கிடைத்துவிடும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

வேறு பெயரில் கிடக்கின்றன என்று நினைத்த அந்த நொடியில்தான் எனக்குச் சுத்திகரிப்பு ஞாபகம் வந்தது.

மருத்துவமனைக்காரர்கள் இடம் போதவில்லை என்று புலம்பியதால் சுத்திகரிப்பு என்று ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். அனுமதிக்கப்பட்ட பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கும். அதில் இல்லாத கோப்புறை எதுவாக இருந்தாலும் முப்பது நாள் பார்த்துவிட்டு, நண்பகல் பன்னிரண்டுக்கு அது அழித்துவிடும். பட்டியலில் இல்லாத பெயரிலும் கோப்புகள் ஏறும், ஆனால் யார் கேட்டாலும் சேவையகம் அதைக் காட்டாது. பாதுகாப்புக்காக எடுக்கும் நகலும் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான். மூன்றும் என் யோசனை. மூன்றுக்கும் பாராட்டு வாங்கினேன்.

பதிவு தொடங்கி இன்றோடு முப்பது நாள்.

"அந்தச் சுத்திகரிப்பை நிறுத்தச் சொல்லுங்க, இப்பவே. உங்க சர்வர் பொறுப்பாளர் எங்கே?"

"மீட்டிங்ல இருக்கார். போனை வெளியில வச்சுட்டுத்தான் உள்ளே போவாங்க. ரெண்டாவது கட்டடம். நான் ஓடிப் பார்க்கிறேன்." மனிதர் ஓடவே செய்தார். போனில் காலடிச் சத்தம் கேட்டது. மணி பதினொன்று இருபத்தைந்து.

சமையலறையிலிருந்து திரும்பினால் என் நாற்காலியில் அக்கா இருந்தாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என் திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் திறந்துவைத்திருந்தது பறவைகளின் அந்த அனுமதிக்கப்பட்ட பெயர்ப்பட்டியல். எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற பதற்றத்தில் இது வேறா!

"அக்கா, எழுந்திரு. அவசர வேலை."

அவள் எழுந்திருக்கவில்லை. அக்கா பாடநூல் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறாள். அவள் கையில் எதைக் கொடுத்தாலும், மருந்துச் சீட்டாகவே இருந்தாலும், படித்துத் திருத்தாமல் கீழே வைக்கமாட்டாள். அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே பட்டியலில் இறங்கியவள் ஒரு வரியில் நின்றாள். வலப்பக்கம் ஒருமுறை அழுத்தினாள். திரும்பி வந்தாள். இன்னொருமுறை அழுத்தினாள். பிறகு பலகையை எடுத்து எழுதினாள்: 'இது தப்பு.'

"எதுக்கா தப்பு?"

பேனாவின் பின்பக்கத்தால் கௌதாரியைத் தொட்டாள். நான் உற்றுப் பார்த்தேன். "சரியாத்தானே இருக்கு" என்றேன். அவள் எழுதினாள்: 'கர்சர் இங்க இரட்டை அடி வைக்குது. கௌ ஒரே எழுத்து, ஒரே தாவலில் தாண்டணும். இது கெ, தனியா ஒரு ள. ஔகாரக் குறியே இல்லை. எந்த முட்டாள் அடிச்சது?'

ஔகாரக் குறியும் ள என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். கையெழுத்தில் வித்தியாசமே கிடையாது. ஆனால் கணினிக்கு கௌ என்பது ஒன்று. கெ-யும் ள-வும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அது வேறு. அந்தப் பட்டியலை அடித்தது நான். ஒற்றைக் கொம்பு, க, பின்னால் ள என்று பள்ளிக்கூடத்தில் எழுதிய வரிசையிலேயே விசைகளைத் தட்டியிருக்கிறேன். பதிவுக்காரர் சரியாக அடித்தார். சரியாக அடித்ததாலேயே அது பட்டியலில் இல்லாத பெயராகிவிட்டது.

சேவையகம் தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். அங்கே பெயர்கள் எழுத்தாக இருக்காது, விழுக்காட்டுக் குறி போட்ட எண்களாக இருக்கும். இரண்டு கௌதாரிகள் இருந்தன. ஒன்று மற்றதைவிட ஓர் எழுத்து நீளம். நீளமானது என்னுடையது, காலி. குட்டையானதற்குள் ஆயிரத்து அறுநூறு கோப்புகள். சாகப்போகிற கோப்புறை அதுதான்.

அக்கா பலகையை அழித்து மறுபடி எழுதினாள்: 'கௌதாரி நான்தானே?'

"அப்புறம் சொல்றேன்க்கா. தயவுசெஞ்சு எழுந்திரு."

எழுந்தாள். ஆனால் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றாள். மணி பதினொன்று நாற்பத்தொன்று.

பட்டியலைத் திருத்தும் உரிமை பொறுப்பாளருக்கு மட்டும்தான். அத்தனையையும் என் கணினிக்கு இறக்குவதென்றால் இரண்டு மணி நேரம் ஆகும். கோப்புறையைச் சரியான இடத்துக்கு நகர்த்தலாம் என்றால், நகர்த்துவது என்ற பெயரில் என் நிரல் என்ன செய்யும் என்பது எனக்குத்தான் தெரியும்: ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒவ்வொன்றாக அழிக்கும். சோம்பல்பட்டு அப்படி எழுதிவிட்டேன். பாதியில் பன்னிரண்டு அடித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று சொல்லமுடியாது. ஒரே வழி பூட்டுவது. பூட்டிய கோப்புறையை யாராலும் அழிக்கமுடியாது, சுத்திகரிப்பாலும் கூட.

நிறுவும்போது போட்ட சோதனைக் கணக்கு ஒன்று இன்னும் அங்கே உயிரோடிருந்தது. எப்போதோ நீக்கியிருக்கவேண்டியது. பட்டியலில் காட்டாத கோப்புறையை நேரே பெயர் சொல்லிக் கேட்டால் அந்தக் கணக்கு மறுக்காது. வேறு யாராவது இப்படி ஓர் ஓட்டையை விட்டுவைத்திருந்தால் ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருப்பேன்.

பூட்டச் சொல்லும் கோரிக்கையைக் கையாலேயே எழுதவேண்டும். அத்தான் வந்து பின்னால் நின்று மூச்சுவிட்டார். "அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று எரிந்து விழுந்தேன். பூட்டு விவரம் என்று திறந்தேன், வகை என்று திறந்து மூடினேன், யார் பூட்டுகிறார்கள் என்று திறந்து மூடினேன், எல்லாவற்றையும் மூடி அனுப்பினேன்.

நானூறு.

பெயர்கள் எந்தக் குடும்பம் என்று அறிவிக்க மறந்திருந்தேன். ஆயிரம் பேரை இதற்காகத் திருப்பி அனுப்பியிருப்பேன். அறிவிப்பு வரியைக் கணினியிலுள்ள என் குறிப்பேட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். அனுப்பினேன்.

நானூறு.

மணி பதினொன்று ஐம்பத்துமூன்று. எழுத்து எழுத்தாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. திறந்ததெல்லாம் மூடியிருந்தது. என் கண்ணை நானே நம்பக்கூடாது என்று கால்மணி நேரத்துக்கு முன்புதான் தெரிந்துகொண்டிருந்தேன். இருந்தும் மறுபடி அதே கண்ணால்தான் படித்தேன். அப்போது தோளுக்கு மேலாக ஒரு விரல் நீண்டது. அறிவிப்பு வரியின் மேற்கோள் குறியைத் தொட்டது. அது வளைந்திருந்தது. எக்ஸ்எம்எல்லுக்கு நேர் குறிதான் ஆகும்; குறிப்பேடு அழகுக்காக நேர் குறிகளையெல்லாம் வளைத்து வைத்திருக்கிறது. அக்காவுக்கு எக்ஸ்எம்எல் தெரியாது. ஒரே பக்கத்தில் இரண்டு வகை மேற்கோள் குறிகள் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நேராக்கினேன். யார் பூட்டுகிறார்கள் என்ற இடத்தில் முதலில் கணக்கின் பெயரைத்தான் போட்டிருந்தேன். என்ன தோன்றியதோ, அதை அழித்துவிட்டு 'அக்காவுடையது, தொடாதே' என்று எழுதி அனுப்பினேன்.

இருநூறு. பூட்டியாயிற்று. பத்து நிமிடத்துக்கு.

பத்து நிமிடம் என்று வைத்ததும் நான்தான். மணி பதினொன்று ஐம்பத்தாறு. போன் அடித்தது. பதிவுக்காரர் மூச்சிரைக்கச் சொன்னார்: "உள்ளே விடமாட்டேங்கிறாங்க மேடம். சீட்டு எழுதி உள்ளே அனுப்பியிருக்கேன்."

"வெளியிலயே நில்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பன்னிரண்டானதும் பதிவேட்டில் வரிகள் ஓடத் தொடங்கின. யாரோ எப்போதோ உண்டாக்கி மறந்துபோன கோப்புறை ஒன்று அழிந்தது. இன்னொன்று அழிந்தது. மூன்றாவது பெரியது போலிருக்கிறது, அங்கேயே நின்றது. நான் பூட்டின் நேரத்தை நீட்டித்தேன். அத்தான் என்னிடம் எதையும் கேட்கப் பயந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையை உதறவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. பன்னிரண்டு நான்குக்கு மூன்றாவதும் அழிந்தது. அடுத்த வரியில் குட்டைக் கௌதாரியின் எண்கள் வந்தன, பக்கத்தில் நானூற்று இருபத்துமூன்று. பூட்டியிருக்கிறது, தொடமுடியவில்லை. சுத்திகரிப்பு அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விட்டது.

பன்னிரண்டரைக்குப் பொறுப்பாளர் வெளியே வந்து பட்டியலைத் திருத்தினார். நான் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு பதிவை மட்டும் இறக்கித் திறந்தேன். "ஜன்னலைச் சாத்துங்க, குளிருது" என்றாள் அக்கா. மூன்று வாரம் கழித்துக் கேட்கிறேன். தேம்பித் தேம்பி அழுதேன். அதற்குமேல் ஆபீஸ் வேலை என்று எந்த வாயால் சொல்வது? காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அத்தான் "நான்தான் உங்கிட்ட சொல்லவேணாம்னேன்" என்று பங்குக்கு வந்தார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பேனாவுக்கு மூடியைப் போட்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

குரல் இல்லாத ஒருத்தி நம்மோடு பேசவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பலகை மேசையிலேயே கிடந்தது. சாப்பிடும்போதும் அதைத் தொடவில்லை. வண்டியில் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பதிவுகள் பிழைத்துவிட்டன, ஆனால் காலையில் இருந்ததைவிட அதிகமாக இப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன நினைக்கிறாள் என்று ஒரு சொல்லாவது எழுதிவிட்டால் தேவலை.

மருத்துவமனையில் முதல் வேலையாகப் பதிவுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம். நானும் பயந்துட்டேன்" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு கோப்புகளைக் கருவியில் ஏற்றினார். அரைமணி ஆனது. பிறகு கருவியை அக்காவின் மடியில் வைத்தார்.

"முதல் வாக்கியம். என்ன வேணும்னாலும் சொல்லலாம்" என்றார்.

அக்கா அடிக்கத் தொடங்கினாள். நெடுநேரம் அடித்தாள். அடித்ததை இரண்டுமுறை படித்து, ஓர் இடத்தில் திருத்தினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் தட்டையாக, கொஞ்சம் நிதானமாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் அவள் குரல் வந்தது.

"சமையல்கட்டுல நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினது எனக்குக் கேட்டுது. எனக்குப் பேச்சுதான் போச்சு. காது இருக்கு, கண்ணு இருக்கு. ஆனா மூணு வாரமா யாரும் எங்கிட்ட எதையும் சொல்றதில்ல. டாக்டர்கூட அவரைப் பார்த்துத்தான் பேசறார். இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் தலையை ஆட்டினேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள், இந்தமுறை சட்டென்று.

"தலையை ஆட்டாதீங்க. உங்களுக்குத்தான் குரல் இருக்கே, வாயைத் திறந்து சொல்லுங்க."

"சொல்றோம்க்கா" என்றேன். அத்தானும் சொன்னார். அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, இன்னும் சத்தமாக என்று சைகை செய்தாள்.